மூன்றாம் மணிக்குப் பிறகு

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பள்ளியில் இப்படித்தான் தொடங்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நீ போய் இரண்டு வருடம் ஆன பிறகு எழுதும் முதல் கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் நர்ஸ் விடுதி முகவரியைத் தையல் அத்தை கொடுத்தார். நீ அவருக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாய் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். பதிலை அவர் கடை முகவரிக்கு எழுது. வீட்டுக்கு எழுதிவிடாதே. தபால்காரர் எல்லாவற்றையும் அப்பா கையில்தான் கொடுப்பார்.

இதைக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் படுத்துவிட்டார்கள். பேனா சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயை லேசாகத் திறந்து வைத்திருக்கிறேன். பேனாவுக்கு ஏது சத்தம் என்று சிரிக்காதே. இந்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் சத்தம் இருக்கிறது.

இரண்டு செய்திகள். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம். அதனால் சர்ச்சில் பெண்கள் வாசலில் நின்று கதவடைக்கும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்துவிட்டார். ஆண்கள் வாசல் எப்போதும் போல அவருடையது. அடுத்தது, நானும் நற்கருணை எடுக்கப் போகிறேன், அதற்கான திடப்படுத்தல் வகுப்பு தொடங்கிவிட்டது. டிசம்பர் இரண்டாவது ஞாயிறு ஆராதனையில் எங்களைச் சபைக்கு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் அதன் வீட்டார் எல்லோரும் வந்து நிற்க வேண்டும்.

நீ வருவாயா? இதைக் கேட்கத்தான் எழுதினேன். மற்றதெல்லாம் தாளை நிரப்ப.

அப்பா இருமுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை

பி.கு: வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. "பெரியவ" என்றுகூடச் சொல்வதில்லை. என்னைச் "சின்னவளே" என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. பெரியவள் இல்லாமல் சின்னவள் ஏது.


ஜூலை 2

அன்புள்ள பென்சிலுக்கு,

இன்னும் பென்சில் மாதிரிதான் இருக்கிறாயா, கொஞ்சம் சதை போட்டாயா? நான் சுகமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். அறையில் என்னோடு இரண்டு பேர். ஒருத்தி தூக்கத்தில் நோயாளிகளுக்கு மருந்து நேரம் சொல்வாள். மற்றவள் அதற்குப் பதில் சொல்வாள்.

அம்மாவை நாற்காலியில் உட்கார்ந்து சமைக்கச் சொல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சூடு உன் கையில் பார்த்துவிட்டுக் கொடு. அப்பா சனிக்கிழமை சாயங்காலம் இன்னும் எல்லோருடைய செருப்பையும் வரிசையாக வைத்துப் பாலிஷ் போடுகிறாரா?

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்கும். டிசம்பர் வெகு தூரத்தில் இருக்கிறது. பார்ப்போம்.

குளியலறையில் உட்கார்ந்து எழுதாதே. ஈரத்தில் சளி பிடிக்கும்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி. இங்கும் யாருக்கும் குறைவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார மறுக்கிறாள். உட்கார்ந்து சமைத்தால் ருசி வராதாம்.

அப்பா பாலிஷ் போடுகிறார். அம்மா சனிக்கிழமையே ஞாயிற்றுக்கும் சேர்த்துச் சமைத்துவிடுகிறாள். சட்டைகள் இஸ்திரி போட்டுத் தொங்குகின்றன. எதுவும் மாறவில்லை. முதல் மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், இரண்டாம் மணிக்கு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், மூன்றாம் மணியின் கடைசி ஓசை அடங்கியதும் இரண்டு வாசலையும் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். முதல் பாட்டும் பாவ அறிக்கை ஜெபமும் முடிந்தால்தான் திறப்பார்கள். பிந்தி வந்தவர்கள் அதுவரை படியில் நின்று, பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார வேண்டும். உனக்குத் தெரியாததா. ஆனால் இப்போது அதைச் செய்வது என் கை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு ஒரு அக்கா கைக்குழந்தையோடு தெருவைக் கடந்து ஓடி வந்தார். மருந்துக்கடை வாசலில் செருப்பு கழன்று, திரும்பிப் போய் எடுத்து மாட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடங்கியது. சாத்தினேன். அவர் முகம் கதவுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது.

போதகர் வெளியே வரும்போது அப்பாவிடம், "ஐயா, கைப்பிள்ளக்காரங்கள கொஞ்சம் பாத்துக்கலாமே" என்றார்.

அப்பா சொன்னார்: "டிப்போவில இருபது வருஷமா டைம் கீப்பரா இருக்கேங்க. ஓடி வர்ற ஒருத்தனுக்காக பஸ்ஸ நிறுத்தினா, நேரத்துக்கு வந்து உள்ள உக்காந்திருக்கறவனுக்கு என்ன மரியாதை? தகரப் பெட்டிக்கே அந்த ஒழுங்கு வேணும்னா கடவுளோட வீட்டுக்கு வேணாமா?" போதகர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா பேச்சில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். எனக்கும் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கதவைச் சாத்தினபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பாவமாக இல்லை. பெருமையாகவும் இல்லை. பாட்டு பாடினேன், வாய் அசைந்தது. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது உள்ளே. இது எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ பிந்தி வந்து படியில் நின்றபோது நான் உள்ளே அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். கதவிடுக்கில் உன் வெள்ளை யூனிபார்ம் தெரிந்தது. திறந்தபோது நீ இல்லை. அதோடு வீட்டை விட்டே போய்விட்டாய். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகம் இல்லை.

டிசம்பரைப் பற்றி நீ "பார்ப்போம்" என்று எழுதியிருக்கிறாய். அம்மா பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். நீயும் அப்படியா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை. பதில் வரவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை தையல் கடைக்குப் போகிறேன். அத்தை தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுவார். வெறுங்கையோடு போனால் யாராவது கேட்பார்களே என்று ஒரு கவலை இருந்தது, அது தானாகத் தீர்ந்தது. ஒரு நாள் அம்மா தலையணை உறை ஒன்றைக் கொடுத்து, "ஓரம் பிரிஞ்சிருக்கு, கடைல குடுத்துத் தச்சு வாங்கிட்டு வா" என்றாள். அடுத்த வாரம் இன்னொன்று. நேற்று மூன்றாவது. அத்தை அதைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டுல தூங்கறீங்களா, மல்யுத்தம் பண்றீங்களா? இது தானா பிரிஞ்ச தையல் இல்ல பென்சிலு. கத்தரில வெட்டினது."

காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மாவும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அத்தையிடம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பது தப்பில்லையா என்று கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார். "எனக்கும் சாமிக்கும் சண்டை ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை வாங்கிட்டுப் போன துணிய ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கொண்டு வந்து, இடுப்பு பத்தலன்னு நிக்கறாங்க. யாரு? உங்க சர்ச்சுக்குப் போறவங்கதான். நான் கடைய மூடினா பாதிப் பேரு ஹூக் இல்லாமதான் பாட்டுப் பாடணும். உங்க அப்பா சட்டைக்கு பட்டன் யாரு தச்சாங்கன்னு நெனச்ச?"

திடப்படுத்தல் வகுப்பில் நாங்கள் சொல்ல வேண்டிய பதிலை மனப்பாடம் செய்கிறோம். "முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்." எல்லோருக்கும் வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. முழு மனது என்றால் என்ன என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அப்பா காதுக்குப் போகும். அவர் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், உனக்குத் தெரியும். பேசாமல் இருந்துவிடுவார். அதற்கு அடியே தேவலை.

தாழ்ப்பாளைப் பற்றி எழுதினது தப்பு என்றால் மன்னித்துவிடு. ஒரு வரி எழுது.

உன் தங்கை


செப்டம்பர் 5

அன்புள்ள பென்சிலுக்கு,

நலமாக இருக்கிறேன். வார்டு மாற்றினார்கள், நேரமில்லை என்று எழுத நினைத்தேன். வார்டு மாற்றியது உண்மை. நேரம் இருந்தது.

இனி கதவைப் பற்றி எழுதாதே. மற்ற எதைப் பற்றியும் எழுது. தலையணை உறை பற்றி எழுது. அதை நான் பலமுறை படித்தேன்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிறு வேலையை எனக்கு யாரும் போடுவதில்லை. நானே கேட்டு வாங்குகிறேன். மற்ற நர்ஸ்களுக்குச் சந்தோஷம். என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். ஜன்னல் வழியாக எங்கிருந்தோ மணிச் சத்தம் வரும்போது நான் யாருக்காவது காய்ச்சல் பார்த்துக்கொண்டிருப்பேன். கையில் வேலை இருந்தால் நல்லது. போன வாரம் ஒரு வயதான அம்மா, "என்னோட சேந்து ஒரு ஜெபம் சொல்லும்மா" என்றார். கை ஈரமாக இருக்கிறது என்றேன். ஜெபத்துக்கு எதற்குக் காய்ந்த கை என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

நீ மரத்துப்போனது பற்றி எழுதியிருந்தாய். மரத்துப்போன கால் செத்த கால் இல்லை. இதை நர்ஸாகச் சொல்கிறேன். வேறு எதுவாகவும் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவுக்கு ஒத்தடத்தை விடாதே.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

முந்தாநாள் இரவு நான் இங்கே குளியலறையில் உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கினபோது கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது.

"உள்ள யாரு?"

"நான்தாம்பா."

"இவ்வளவு நேரமா என்ன பண்ற?"

"படிக்கிறேன். நாளைக்குப் பரீட்சை."

"குழாய் ஓடுதே."

நான் குழாயை மூடினேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவர் போய்விட்டாரா, நிற்கிறாரா என்று தெரியவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை.

காலையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் டிப்போவிலிருந்து வரும்போது கடையில் புது பல்பு வாங்கி வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, குளியலறையில் இருந்த மங்கல் பல்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். இப்போது இங்கே பகல் மாதிரி இருக்கிறது. நான் என்ன செய்கிறேன் என்று வெளியிலிருந்தே தெரியட்டும் என்றுதான் மாட்டியிருக்கிறார் என நினைக்கிறேன். இனி உனக்கு அதிகம் எழுத முடியாது.

டிசம்பர் இப்போது தூரத்தில் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் அண்ணன், அக்கா, சித்தி என்று கூட்டமாக நிற்பார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர்தான் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். அக்கா இருக்கிறாளா இல்லையா என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன்.

பொய் சொல்லவில்லை அல்லவா?

உன் தங்கை


நவம்பர் 10

அன்புள்ள பென்சிலுக்கு,

எல்லோரும் சௌக்கியமா? நான் சௌக்கியம்.

வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை இரவு ரயில் ஏறினால் ஞாயிறு காலை அங்கே இருப்பேன். வீட்டுக்கு வர மாட்டேன், நேரே சர்ச்சுக்கு வந்துவிடுகிறேன். உன் பின்னால் நிற்பேன். பிறகு என்ன என்று யோசிக்கவில்லை.

அப்பாவிடம் சொல்லாதே. அம்மாவிடமும் சொல்லாதே, முகத்தில் தெரிந்துவிடும்.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கதவைப் பற்றி எழுதக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். இந்த ஒரு தடவை மட்டும். அன்றைக்கும் பெண்கள் வாசல் என்னுடையதுதான். கதவடைத்துத் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் நான் முன் பெஞ்சுக்குப் போய் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அதனால் மூன்றாம் மணிக்குள் வந்துவிடு. ரயில் பிந்துமா? பிந்தினால் ஆட்டோ பிடி. ஸ்டேஷனில் நின்று முகம் கழுவிக்கொண்டிருக்காதே. இங்கே வந்து கழுவிக்கொள்ளலாம்.

உன் முகத்துக்கு நேரே நான் சாத்தும்படி ஆகிவிடக் கூடாது. தினமும் அதைத்தான் நினைக்கிறேன். ஜெபம் செய்யலாம் என்று முழங்கால் போட்டால்கூட இதுதான் வருகிறது. இது ஜெபத்தில் சேர்த்தியா என்று தெரியவில்லை.

மூன்றாம் மணி. மறந்துவிடாதே.

உன் தங்கை


டிசம்பர், இரண்டாவது ஞாயிறு, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். ரயிலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? லீவு கிடைக்கவில்லையா?

நடந்ததை எழுதுகிறேன். முதல் மணியிலிருந்தே நான் வாசலில் நின்றேன். ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்தேன். மூன்றாம் மணி அடித்தது. அடங்கியது. தெருவில் யாரும் ஓடி வரவில்லை. கதவில் கையை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். தீர்மானித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை கீழே இறங்கிவிட்டது, நான் முன் பெஞ்சுக்கு நடந்து போனேன்.

முதல் பாட்டு தொடங்கினதும் பின்கழுத்தில் காற்று பட்டது. தெருவில் ஹாரன் அடித்தது எல்லோருக்கும் கேட்டது. தலைகள் திரும்பின. நான் திரும்பவில்லை. பிறகு அப்பாவின் ஷூ சத்தம் கேட்டது. அவருடைய வலது ஷூ கிரீச்சென்னும், உனக்குத் தெரியுமே. ஆண்கள் வாசலில் தாழ்ப்பாள் விழுந்தது. ஷூ சத்தம் பின்பக்கமாகவே நடந்து பெண்கள் வாசலுக்கு வந்தது. நான் தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பாட்டு முடிந்தது. பாவ அறிக்கை முடிந்தது. அந்தச் சத்தம் வரவே இல்லை. காற்று மட்டும் பட்டுக்கொண்டே இருந்தது.

எங்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். வீட்டார் பின்னால் வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் அம்மா மட்டும், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அப்பா வாசலில், வாசற்படியின் மேலேயே நின்றிருந்தார். முதுகு எங்களுக்கு, முகம் தெருவுக்கு. தன் மகளின் திடப்படுத்தலுக்கு அவர் உள்ளே வரவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன்.

கேள்வி கேட்டார்கள். "முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு குரல் சொன்னது. என் வாயிலிருந்துதான் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டார். படுத்துவிட்டார். எனக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியவில்லை. நீ ஏன் வரவில்லை?

உன் தங்கை


டிசம்பர், அதே ஞாயிறு, ரயிலில்

அன்புள்ள பென்சிலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வந்தேன். ரயில் பிந்திவிட்டது. முகம் கழுவவில்லை. ஆட்டோ மருந்துக்கடை முன்னால் நின்றபோது உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. கதவு அடைத்திருக்கும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். அடைத்திருந்தால் படியில் நின்றிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் வந்தேன்.

கதவு திறந்திருந்தது. அப்பா அதில் நின்றிருந்தார்.

மரக் கதவு போதாது என்று தானே வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். நான் வருவதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். எங்களுக்கு நடுவில் ஒரு தெருதான். அவருக்கு முடி நரைத்துவிட்டது. நீ பதில் சொன்ன சத்தம் கேட்டது. எல்லாக் குரலிலும் உன்னுடையது தனியாகக் கேட்டது. பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். நான் படியில் நின்ற அந்த ஞாயிறுக்கு முந்தின நாள் எனக்கு இரவுப் பணி. என் வார்டில் ஒரு பெண் பிள்ளை, அப்போது உன் வயசு, விடிகிற நேரத்தில் இறந்துபோனது. முகம் துடைத்துத் தலை சீவிவிட்டது நான்தான். அடுத்த நர்ஸ் வருகிற வரைக்கும் அதைத் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லை. அதனால்தான் பிந்தினேன். பிரசங்கம் கேட்கவோ பாடவோ நான் வரவில்லை. உள்ளே வந்து அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

நன்றாகப் படி. அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதைத் தையல் கடையிலேயே நின்று படித்தேன். அத்தை மெஷினை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா முழுக்கப் படித்தாள். பிறகு, "ஒங்க அப்பாவுக்கு அடைக்கணும்னா அடைச்சிருப்பாரு. அவரு எதுக்குடி நிக்கணும்?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்காளும் தங்கச்சியும் நல்லாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கடிதத்தை நீட்டினேன். கை கறுப்பாக இருந்ததால் அவர் வாங்கவில்லை.

"யாரு?"

"அக்கா."

"படி."

படித்தேன். பதில் எழுத வேண்டாம் என்று நீ சொன்ன பகுதியையும் படித்தேன். மன்னித்துவிடு. அந்தப் பிள்ளைக்குத் தலை சீவின இடம் வந்தபோது பிரஷ் சத்தம் நின்றது. முடித்த பிறகும் அவர் குனிந்தே இருந்தார்.

"எந்த மருந்துக்கடை?"

"எதிர்ல இருக்கறதுதாம்பா."

"நான் தெருக்கோடியத்தான் பாத்துட்டு நின்னேன்" என்றார். ஒரு ஷூவுக்கு மட்டும்தான் பாலிஷ் போட்டிருந்தார். மற்றதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் சர்ச்சில் ஆண்கள் வாசலைச் சபைப் பொருளாளரிடம் விட்டுவிட்டு, இரண்டாம் மணி அடிக்கும்போது வெளியே போனார். தெருவைக் கடந்து மருந்துக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். மூன்றாம் மணி அடங்கியது. அவர் வரவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் அங்கிருந்தே கையை அசைத்துச் சாத்தச் சொன்னார். நான் தலையை ஆட்டி மாட்டேன் என்றேன். அவர் மறுபடியும் கையை அசைத்தார்.

சாத்தினேன். தாழ்ப்பாள் கைக்கு அகப்படாமல் இரண்டு தடவை வழுக்கியது. முதல் பாட்டில் ஒரு வரிகூட என்னால் பாட முடியவில்லை.

பாவ அறிக்கை முடிந்து திறந்தேன். படியில் அவர் நின்றிருந்தார், ஒரு ஷூ மினுமினுத்து, ஒரு ஷூ மங்கலாக. பக்கத்தில் அந்தக் கைக்குழந்தைக்கார அக்கா. அவர் அன்றைக்கும் லேட்.

"நீங்களுமா ஐயா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நானும் லேட்டு" என்றார் அப்பா. உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். "வெளிய நின்னா பாட்டு தெளிவா கேக்குது. பாவ அறிக்கைகூட ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. கதவ அடைச்சா வெளிய நிக்கறவங்களுக்கு ஒண்ணும் கேக்காதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இப்பவாவது கேட்டுச்சே" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு கதவு என்ன ஆகும் என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் குளியலறையில் எழுதவில்லை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்று முன் அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். தாளை மூடக் கை போனது. அவர் தாளைப் பார்க்கவில்லை. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பதில வீட்டு அட்ரஸுக்கே போடச் சொல்லு, சின்னவளே."

உன் தங்கை